மான் விட்டுவைத்த பூக்கள்

பொட்டல் சாமியார் மடத்தில் பூவை வெளியே வாங்குவதில்லை. சமாதிக்குச் சாத்துகிற மாலை மடத்து மண்ணில் பூத்ததாக இருக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. மடத்துக்கு மூன்று பக்கம் சுவர். மலையைப் பார்த்த மேற்குப் பக்கத்தில் வேலிகூடக் கிடையாது. அந்தப் பக்கத்தை அடைக்காதே என்று சாமியார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் குத்தாலிங்கம்.

அவருக்கு அறுபத்தாறு வயது. பன்னிரண்டு வருஷமாக மடத்துப் பூந்தோட்டம் அவர் கையில். மேற்குப் பக்கம் திறந்து கிடந்ததால் விடிகிற நேரத்தில் மலையிலிருந்து மான்கள் இறங்கி வரும். அவர் வைத்த ரோஜாவைத் தின்னும். செம்பருத்தியைத் தின்னும். இட்லிப்பூச் செடியில் மொட்டைத் தின்றுவிட்டு, மறுநாள் வந்து இலையையும் தின்னும். அவர் வாளியோடு வரும்போது குச்சி நிற்கும்.

தின்ற இடத்திலேயே மறுபடி நடுவார். அதே குழி, அதே செடி. விட்டுக்கொடுப்பது அவர் வம்சத்தில் இல்லை.

மடத்துக்குக் குரு உலகம்மை. நாற்பத்து நாலு வயது. முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். பழைய குரு கண்ணை மூடுமுன் அவள் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அவள் குத்தாலிங்கத்தை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மை என்பார். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அவர் காலில் விழுவார்கள். அவர் தடுப்பார். கொஞ்சம் தாமதமாகத் தடுப்பார்.

போன வருஷம் கார்த்திகை மாதக் குருபூசைக்கு ஒன்பது பூதான் தேறியது. மாலைக்குப் பதில் துளசியைக் கட்டிப் போட்டார்கள். மடத்துக் கணக்குப்பிள்ளை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

"இந்த வருசமும் இப்படின்னா தோட்டத்தை வேற ஆளுகிட்ட குடுக்க வேண்டியதுதான்."

தோட்டம் போனால் குத்தாலிங்கத்துக்கு மடத்தில் வேலை இல்லை. வேலை இல்லாமல் சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. போவதற்கு இருக்கிற ஒரே வீடு தம்பி சண்முகையாவின் வீடு. அந்த வாசலை மிதிப்பதற்குப் பதில் காட்டுக்குள் போய் மானோடு இருந்துவிடலாம்.

ஆடி மாதத்தில் நாற்பது ரோஜாக் கன்று நட்டார். ஆவணி பிறந்தபோது நாற்பது குச்சி நின்றது. அவர் நேரே உலகம்மையிடம் போனார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மேக்க வேலி போடலாமா?"

"கூடாது."

"ஒரு நாய் வளர்ப்போமா?"

"கூடாது."

"அழுகின முட்டையைக் கரைச்சுத் தெளிச்சா மான் அண்டாதாம்."

"நாமளும் அண்ட முடியாதே."

"அப்ப குருபூசைக்கு மாலை எங்கேருந்து வரும்? அதைச் சொல்லுங்க."

உலகம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க சாய்ப்பைக் காட்டுங்க" என்றாள்.

மண்வெட்டியும் பூவாளியும் வைக்கிற சின்னக் கொட்டகைதான் அந்தச் சாய்ப்பு. வேறு யாரையும் அவர் உள்ளே விட்டதில்லை. வடக்குச் சுவர் முழுக்க அடுப்புக்கரியால் கோடு போட்டிருந்தது. இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்பதால் எழுத்துக்குப் பதில் படம். சுழி போட்டால் ரோஜா. அஞ்சு இதழ் போட்டால் செம்பருத்தி. தின்ற செடிக்கு ஒரு கோடு. பக்கத்தில் தின்ற மானின் அடையாளம்.

"இது யாரு, கொம்பு ஒண்ணுதான் இருக்கு?"

"ஒத்தைக்கொம்பன். அவருதான் பெரிய மனுசன். ரோஜா மட்டும்தான் திம்பாரு."

"இது?"

"காதறுந்தவ. அவ தின்னுட்டு என்னையே பாப்பா அம்மை. மென்னுக்கிட்டே பாப்பா. என்ன தைரியம்!"

உலகம்மை மெதுவாகச் சுவரோரமாக நடந்தாள். ஒரு மூலையில் நின்றாள்.

"இங்க ரெண்டு கோடு தனியா இருக்கே. படம் இல்ல."

குத்தாலிங்கம் வாளியின் கைப்பிடியைத் துடைத்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"நீங்கதான்."

"நானா? நான் எந்தச் செடியைத் தின்னேன்?"

"வந்த புதுசுல பந்தியில எல்லாருக்கும் முன்னால வச்சு என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டீக."

"கூப்பிட்டிருப்பேன். இன்னொண்ணு?"

அவர் யோசித்தார். "அது ஞாபகம் இல்ல. ஆனா கோடு இருக்குல்லா. ஏதோ செஞ்சிருக்கீக."

உலகம்மை சிரித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். சுவரின் உச்சியில், விட்டத்தை ஒட்டி, ஒரே ஒரு கோடு. விரல் தண்டிப் பருமன். வருஷா வருஷம் அதன்மேலேயே கரியைத் தேய்த்திருந்தது தெரிந்தது.

"மேல இருக்கிறது?"

"அது மான் இல்ல."

அவள் கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து எதிர்ச் சுவரடியில் வைத்தாள். தெற்குச் சுவர். சுண்ணாம்பு அடித்தபடி வெள்ளையாக இருந்தது.

"நாளையிலருந்து இதுல போடுங்க."

"என்னத்தை?"

"மேயாம விட்டதை."

"அம்மை, அதுக விட்டிருந்தா நான் ஏன் உங்ககிட்ட வாரேன்?"

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. அதான் போடச் சொல்லுதேன்."

அவள் போய்விட்டாள். அவர் வடக்குச் சுவருக்குத் திரும்பி அவளுக்கு மூன்றாவது கோட்டைப் போட்டார்.

அந்த உச்சிக் கோடு தம்பிக்கு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குத்தாலிங்கம் புனலூரில் மரக்கடையில் இருந்தார். அப்பா போய்விட்டார் என்று தகவல் வந்ததும் பஸ் ஏறினார். ஆரியங்காவில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. ஊர் வந்து சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம். சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சின்னவன் வைத்துவிட்டான். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, அதே பையோடு மடத்துக்கு வந்தவர்தான்.

சண்முகையா வருஷம் தவறாமல் குருபூசைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்தி முடிந்ததும் போய்விடுவார்.

"கர்வம்" என்பார் குத்தாலிங்கம். "நான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணுமாம்."

மூன்று நாள் தெற்குச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. வீம்புதான்.

நாலாம் நாள் விடியலில் களை எடுக்க உட்கார்ந்தார். ரோஜாக் குழியை ஒட்டி ஒரு ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. முழ உயரம், உச்சியில் மஞ்சள் மொட்டு. எப்போதும் போலப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகுதான் மண்ணைப் பார்த்தார். செடியைச் சுற்றிக் குளம்புத் தடம். ஒத்தைக்கொம்பன் அதே இடத்தில் நின்று ரோஜாவை வேர்வரைக்கும் மேய்ந்திருக்கிறார். கையிலிருந்த ஆவாரையில் ஒரு இலை குறையவில்லை.

குத்தாலிங்கம் எழுந்து வரப்போரம் போனார். அவர் பிடுங்கிப்போட்ட களைகள் அங்கே குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஆவாரை. தும்பை. நொச்சிக் கன்று. கிழங்கோடு தோண்டி எறிந்த செங்காந்தள். ஒன்றிலும் பல் பட்ட அடையாளம் இல்லை.

பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்தில் இரண்டு கூட்டம் வேலை பார்த்திருக்கிறது. அவர் நட்டதை மான்கள் தின்றன. மான்கள் விட்டதை அவர் பிடுங்கினார்.

ஆவாரஞ்செடியைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணை அணைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் சாய்ப்புக்குப் போய்த் தெற்குச் சுவரில் முதல் படத்தைப் போட்டார்.

அதன் பிறகு அவர் களை எடுப்பதை நிறுத்திவிட்டு, சாய்ப்பு வாசலில் குத்தவைத்து மான்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் குட்டி ஒன்று நொச்சியில் வாய் வைத்தது. கசந்துவிட்டது போலிருக்கிறது. தலையைத் தலையை ஆட்டிற்று, துப்பிற்று, தாயிடம் போய் ஒளிந்துகொண்டது. குத்தாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். பயந்து மொத்தக் கூட்டமும் ஓடிவிட்டது. அவருக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று.

புரட்டாசியில் ஒரு சிக்கல் வந்தது. ஓட்டமாக உலகம்மையிடம் வந்தார்.

"அம்மை, சுவரோரம் தானா வந்த நந்தியாவட்டையை ஒத்தைக்கொம்பன் ஒடிச்சுட்டாரு."

"தின்னாரா?"

"தின்னல. கொம்பை உரசி உரசி ஒடிச்சுட்டாரு. பால் வடியுது. இதை எந்தச் சுவத்துல போட?"

"ஒடிச்சது நிசம்தானே?"

"நிசம்."

"தின்னாம விட்டதும் நிசம்தானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டுலயும் போடுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டார். ஒடிந்த கிளைக்குக் கீழே பத்து நாளில் நாலு துளிர் விட்டது.

ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடியும் வந்து நின்றார்.

"காட்டுச் செடியா இருக்கு எல்லாம். ஆவாரையும் தும்பையும் ரோட்டோரம் கெடக்கிறது. அதைச் சாமிக்குச் சாத்தினா கணக்குப்பிள்ளை சிரிக்க மாட்டாரா?"

"மடத்து மண்ணுல பூக்குதா?"

"பூக்குது."

"நீங்க வச்சதா?"

"வச்சது எங்க? பிடுங்காம இருக்கேன், அவ்வளவுதான்."

"ரோஜாக் குச்சியெல்லாம்?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அதுல பத்துப் பதினஞ்சு துளுத்திருக்கு. பேத்து மேக்கால, ஓடைக்கரையில வச்சிட்டேன். அங்கயே தின்னு தொலையட்டும். எதுக்கு எல்லாரும் இவ்வளவு தூரம் நடக்கணும்?"

உலகம்மை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குருபூசையன்று விடிகாலையில் குத்தாலிங்கம் கட்டிய மாலையை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஆவாரம்பூ மஞ்சள், இடையிடையே தும்பையின் வெள்ளை, நொச்சியின் நீலம். நடுவில் பதக்கம் மாதிரி செங்காந்தள், தீ எரிகிற நிறத்தில். சமாதியில் சாத்தியதும் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

கணக்குப்பிள்ளை கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இதெல்லாம் எந்த ஊருப் பூவு வே?"

"இந்த ஊருதான்" என்றார் குத்தாலிங்கம். "நீரு பாத்திருக்க மாட்டீரு."

தோட்டம் அவரிடமே இருக்கட்டும் என்று கணக்குப்பிள்ளையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

குத்தாலிங்கம் சாய்ப்புக்கு வந்து கரியை எடுத்தார். தெற்குச் சுவரில் காந்தளுக்குப் பக்கத்தில் மாலை ஒன்றை வரைந்தார். வரையும்போது ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. புளியமரத்தடியில் சண்முகையா நின்றுகொண்டிருந்தார். அதே மஞ்சள் பை. முடி முழுக்க நரைத்திருந்தது.

குத்தாலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. உலகம்மை சாய்ப்பு வாசலில் வந்து நின்றாள்.

"வந்துட்டாரு துரை" என்றார். "பன்னெண்டு வருசமா அதே இடம். உள்ள வந்தா கிரீடம் எறங்கிரும்."

"நான் வருசா வருசம் அவுகளுக்குத் தண்ணி கொண்டு குடுக்கேன் அண்ணாச்சி. சொம்பை எடது கையாலதான் வாங்குதாக. வலது கை பையை விடுறதே இல்ல."

"பலாப்பழம் வச்சிருப்பான். அதைக் குடுத்து என்னைச் சரிக்கட்டலாம்னு."

அவர் கரியை விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"மானுக்கு ஒரு வழி சொன்னீக அம்மை, சரியா இருந்துச்சு. இவனுக்கு ஒரு வழி சொல்லுங்க பாப்போம்."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"தெக்குச் சுவத்துல இன்னும் இடம் கெடக்கு."

அவர் கையிலிருந்த கரி இரண்டாக ஒடிந்தது.

"என்ன விட்டு வச்சான் அவன்? அப்பன் முகத்தைக்கூட எனக்கு விட்டு வைக்கல. எதைப் போடச் சொல்லுதீக?"

"எனக்குத் தெரியல."

"அப்ப நான் போய் அவன்கிட்டயே கேக்கேன். ஒண்ணும் இல்லன்னு அவன் வாயாலயே சொல்லட்டும். நீங்களும் வந்து கேளுங்க!"

ஒடிந்த கரியை முஷ்டியில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போனார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாசலைத் தாண்டினார். சண்முகையா அண்ணனைப் பார்த்ததும் மரத்தை ஒட்டி நின்றுகொண்டார். அடிக்க வருவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏல, எல்லாத்தையும் மேஞ்சுட்டியே, எனக்குன்னு என்னத்தலே விட்டு வச்ச?"

"மேஞ்சேனா?"

"சொல்லுலே. எதையாவது விட்டு வச்சியா?"

சண்முகையா அண்ணன் முகத்தைப் பார்த்தார். குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்ன மண் கலயம். வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. துணி வெளிறிப் போயிருந்தது.

"அன்னைக்கு மழை விடல. ஊரும் பொறுக்கல. கொள்ளி வச்சது தப்புதான்" என்றார். "அப்பா சாம்பல்ல பாதியை ஆத்துல கரைச்சேன். மத்த பாதி மூத்தவன் கரைக்க வேண்டியது. தொடல."

குத்தாலிங்கம் குனிந்து கலயத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசமா ஏம்லே சொல்லல?"

"மொத வருசம் வாயைத் தொறக்குமுன்ன கதவைச் சாத்திட்ட. பெறவு, நீயா கேட்டாத்தான் சொல்லுறதுன்னு நானும் இருந்துட்டேன்." சண்முகையா மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் அதே அப்பன்தான."

"உள்ள வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"இதைக் கையில வச்சுக்கிட்டு எப்படிண்ணே குருபூசைக்கு உள்ள வர? வீட்டுக்குள்ளயும் வைக்கக் கூடாது. தொழுவத்து விட்டத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கேன். வருசத்துக்கு ஒரு நாள் எறக்கி எடுத்துட்டு வாரேன்."

கலயத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

குத்தாலிங்கம் கை நீட்டவில்லை. முஷ்டியைத் திறந்து கரியைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். உலகம்மை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சண்முகையாவுக்குக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு அவள் கையில் இருந்தது.

"அம்மை" என்றார். "இதை எந்தச் சுவத்துல போட?"

உலகம்மை படியிறங்கி வந்து சொம்பைச் சாய்த்தாள்.

"கரியைக் கீழே போடுங்க அண்ணாச்சி. கையைக் கழுவிட்டு வாங்கிக்கிடுங்க."